நாலணாவுக்கு ஏலம் போன தேங்காய்

மூன்று மாதமாக ஒரு விஷயத்தை எழுதாமல் வாயைக் கட்டி வைத்திருந்தேன். வாயை என்றால் பேனாவை. வாராவாரம் ஒரு பக்கத்தை நிரப்பியாக வேண்டிய ஆசாமிக்கு இது எவ்வளவு பெரிய தியாகம் என்று உங்களுக்குத் தெரியாது. கையில் நெய்யை வைத்துக்கொண்டு ரசம் சாதம் சாப்பிட்ட கதைதான்.

கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். "முன்பெல்லாம் உங்கள் பிள்ளைகள் செய்யும் விஷமத்தை எழுதுவீர்கள். இப்போது சர்க்கரை ரேஷனையும் எலெக்ட்ரிக் ரயிலையும் பற்றியே எழுதுகிறீர்கள். பிள்ளைகள் திருந்திவிட்டார்களா?"

அம்மணி, அப்படி ஒரு விபத்து எங்கள் வீட்டில் நடக்கவில்லை. எழுத அனுமதி இல்லை, அவ்வளவுதான். அனுமதி தர வேண்டியவர் எங்கள் மளிகைக் கடை அண்ணாச்சி. "எல்லாம் நல்லபடியா வீடு வந்து சேரட்டும் சார். அதுக்கு முன்னால பத்திரிகையில போட்டுறாதீங்க. நாலு பேரு கண்ணு படும்" என்று சொல்லியிருந்தார். நாலு பேர் என்று அவர் சொன்னது உங்களைத்தான். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அனுமதி கிடைத்துவிட்டது. இனி என்னை யார் தடுப்பது?

விஷயத்துக்கு வருவதற்கு முன்னால் எங்கள் சர்ச்சுக்கு ஒரு நடை போய்விட்டு வர வேண்டும். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

எங்கள் சர்ச்சில் வருஷத்துக்கு ஒருமுறை அறுப்பின் பண்டிகை. வீட்டில் விளைந்ததை எல்லோரும் கொண்டுவந்து ஆண்டவர் சந்நிதிக்கு முன்னால் அடுக்கி வைப்பார்கள். வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, கால் கட்டிய கோழி, கூடை நிறைய எலுமிச்சை. ஆராதனை முடிந்ததும் எல்லாம் வெளியே வேப்பமரத்தடிக்கு வரும். உபதேசியார் ஒரு ஸ்டூல் மேல் ஏறுவார். சர்ச் செக்ரட்டரி கீழே உட்கார்ந்து, எடுத்தவர் பேரையும் ஊரையும் நோட்டில் எழுதிக்கொள்வார். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." ஏலம் ஆரம்பம். வருகிற பணம் சர்ச் காரியங்களுக்கு.

இந்த ஏலத்தில் ஒரு ரகசியம் உண்டு. யாரும் பொருளை வாங்குவதில்லை. ஒற்றை எலுமிச்சம்பழத்தை ஒருவர் ஏழு ரூபாய்க்கு எடுப்பார். ஊறுகாய் போடவா? இல்லை. காணிக்கை கொடுப்பதை நாலு பேர் பார்க்க வேண்டும், அந்த நாலு பேரும் கைதட்ட வேண்டும். நான் மட்டும் என்ன யோக்கியம்? இந்த வருஷம் ஒரு பூசணிக்காயைப் பதினோரு ரூபாய்க்கு எடுத்தேன். எதிரே ஏலம் கேட்டவர் ஒரு புரொபசர். "வாரப் பத்திரிகையெல்லாம் நான் தொடுவதில்லை" என்று ஒருமுறை என்னிடம் சொன்னவர். அவருக்கு அந்தப் பூசணிக்காயை விட்டுக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதன் பலனை நான்கு நாள் சாப்பிட்டோம். கூட்டு, பொரியல், சாம்பார், மறுபடியும் கூட்டு.

என் பிள்ளைகள் இரண்டு பேரும் முன்வரிசையில் நின்று இந்த ஏலத்தை வாய் மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் சுகிர்தாவுக்கு எட்டு வயது. எதையும் நோட்டில் எழுதி வைக்கிற ஜாதி. மகன் பிரபுவுக்கு ஐந்து. எதையும் உரக்கச் சொல்கிற ஜாதி. இரண்டு குணமும் ஒரே வீட்டில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் ஏலம்தான். பிரபு முக்காலி மேல் ஏறுவான். சுகிர்தா கீழே உட்கார்ந்து பெயர் எழுதுவாள். தலையணை போயிற்று. ரூபியின் சீப்பு போயிற்று. ரூபி என் மனைவி, பள்ளிக்கூட டீச்சர், எதற்கும் அசராதவள். என் மூக்குக் கண்ணாடி ஒரு தடவை முப்பது பைசாவுக்குப் போய், அதை நானே ஐம்பது பைசா கொடுத்து மீட்டேன். சிரித்துக்கொண்டே மீட்டேன். அங்கேயே முதுகில் ஒன்று வைத்திருக்க வேண்டும். ஆனால் நாங்கள்தான் நவீனப் பெற்றோர் ஆயிற்றே!

சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணி. "சாமான் வாங்கிட்டு வாங்க. பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போங்க. எனக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்தணும்" என்று சொல்லி ரூபி என் கையில் லிஸ்ட்டைத் திணித்தாள். நானும் இரண்டு வால்களை இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

அண்ணாச்சிக்குத் தெற்கத்திச் சீமை. தாம்பரத்துக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதிகம் பேசமாட்டார். ஆனால் எந்தப் பிள்ளை கடைக்கு வந்தாலும் கையில் ஒரு துண்டு வெல்லம் வைக்காமல் அனுப்ப மாட்டார். அவருக்குப் பிள்ளை இல்லை என்பது தெருவுக்கே தெரியும். அதைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டதில்லை.

லிஸ்ட்டை அவரிடம் கொடுத்தேன். பிள்ளைகளை அரிசி மூட்டை மேல் உட்கார வைத்து, "அசையக் கூடாது" என்றேன். நான் மட்டும் அசைந்தேன்.

காரணம், பக்கத்துக் கடை. அது ஒரு லெண்டிங் லைப்ரரி. சனிக்கிழமை சாயங்காலம்தான் நம் பத்திரிகை அங்கே வரும். வந்தவுடன் யாராவது பெஞ்சில் உட்கார்ந்து புரட்டுவார்கள். நான் ஏதோ நாவல் தேடுகிற மாதிரி அலமாரிப் பக்கம் நின்றுகொண்டு, என் பக்கம் வரும்போது அவர்கள் முகம் எப்படிப் போகிறது என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன். இந்தக் கெட்ட பழக்கம் எனக்கு நான்கைந்து வருஷமாக உண்டு. வீட்டில் சொன்னதில்லை.

அன்று பெல்பாட்டம் போட்ட ஒரு வாலிபன் பத்திரிகையைக் கையில் வைத்திருந்தான். துணுக்குகளைப் படித்துச் சிரித்தான். தொடர்கதையைப் படித்துக் கண்ணைச் சுருக்கினான். என் பக்கம் வந்தது. எச்சிலைத் தொட்டு இரண்டு பக்கமாகச் சேர்த்துத் திருப்பினான்.

நான் அந்த அதிர்ச்சியில் இருந்தபோதுதான் பக்கத்துக் கடையிலிருந்து குரல் கேட்டது.

"ஒரு தரம்..."

பிரபுவின் குரல். விளையாடுகிறான், விளையாடட்டும். எனக்கு இந்த வாலிபன் திரும்பவும் என் பக்கத்துக்கு வருகிறானா என்று பார்க்க வேண்டியிருந்தது.

"ரெண்டு தரம்..."

யாரோ சிரித்தார்கள். ஒரு பெண்பிள்ளையின் குரல் ஏதோ சொன்னது. மறுபடி சிரிப்பு.

"மூணு தரம்!"

டங் என்று ஒரு சத்தம். ஒரு கிலோ எடைக்கல்லால் பலகையில் அடித்த சத்தம் அது என்று பிற்பாடு தெரிந்தது.

வாலிபன் வரவில்லை. பத்திரிகையை மூடி வைத்துவிட்டுப் போயே போய்விட்டான். நான் மளிகைக் கடைக்குத் திரும்பினேன்.

அங்கே என்ன நடந்திருக்கிறது என்றால், அண்ணாச்சி எங்கள் லிஸ்ட்டைப் பார்த்திருக்கிறார். கடையின் முன்பக்கம் இருந்த நல்லெண்ணெய் டின் காலியாகியிருக்கிறது. புது டின் எடுக்கப் பின்கட்டுக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்து, "கடையைப் பார்த்துக்கிடுங்க மொதலாளி" என்று சொல்லியிருக்கிறார். விளையாட்டாகத்தான்.

பெரியவர்கள் விளையாட்டாகச் சொல்வது எது, நிஜமாகச் சொல்வது எது என்று ஐந்து வயதுப் பையனுக்கு எப்படித் தெரியும்? ஏழு ரூபாய் எலுமிச்சம்பழம் நிஜமா, விளையாட்டா? நமக்கே சரியாகத் தெரியாதே.

நான் உள்ளே நுழைந்தபோது அண்ணாச்சி டின்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். இறக்கி வைத்தார். துண்டால் கையைத் துடைத்தார். கல்லாவுக்கு மேலே பலகையில் இருக்கும் பிள்ளையார் படத்தை வழக்கம் போல் நிமிர்ந்து பார்த்தார்.

பார்த்தவர் அப்படியே நின்றார்.

"இங்க இருந்த தேங்கா எங்க?"

"ஏலம் போயிருச்சு அண்ணாச்சி" என்றான் பிரபு. வெற்றி வீரன் மாதிரி அரிசி மூட்டை மேல் நின்றுகொண்டிருந்தான். வலது கையில் எடைக்கல். இடது கை எதையோ இறுக்கி மூடியிருந்தது. "நாலணா!"

அண்ணாச்சி கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நான் வழக்கமான அப்பாத்தனத்தைக் காட்டினேன். "மன்னிச்சிடுங்க அண்ணாச்சி, ஒரு தேங்காய்தானே, நான் பத்துத் தேங்காய்..." என்று ஆரம்பித்தேன்.

"அது ஒரு தேங்கா இல்ல சார்" என்றார்.

அப்புறம்தான் சொன்னார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவர் மனைவி உண்டாகியிருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்பியிருக்கிறார். தேங்காய்க்கு மஞ்சள் பூசி, ஒண்ணேகால் ரூபாய் காசோடு மஞ்சள் துணியில் முடிந்து, பிள்ளையார் முன்னால் வைத்து வேண்டிக்கொண்டிருக்கிறார். தாயும் பிள்ளையும் நல்லபடியாகத் தாம்பரம் வந்து சேரும் நாளில் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் அதை உடைப்பதாக. ஏழு மாதமாகத் தினமும் ஒரு பூ வைத்துக் கும்பிட்டு வருகிறார்.

"இந்த வாரந்தான் நாள் சொல்லியிருக்கு சார். எந்த நேரமும் தந்தி வரும்."

பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். என் முகத்தைப் பார்த்ததும் சுகிர்தா அழ ஆரம்பித்துவிட்டாள்.

"கடையில ஆயிரம் சாமான் இருக்கு. அதை எதுக்குடி எடுத்தீங்க?"

"கடைச் சாமானை எடுக்கலப்பா. அது அண்ணாச்சியோடது. தப்பு" என்றாள் விசும்பலோடு. "இது சாமி முன்னால பூ வச்சு இருந்துச்சு. சாமி முன்னால வச்சதைத்தானே ஏலம் விடுவாங்க?"

பதில் சொல்லுங்கள் பார்க்கலாம். வெல்லம், உளுந்து, சோப்பு எதையும் அவர்கள் தொடவில்லை. அவர்கள் கண்ட வரையில், கடவுள் முன்னால் பூ வைத்து அடுக்கினால் அது ஏலத்துக்கான காணிக்கை. வேறு மாதிரி அவர்கள் எங்கே பார்த்தார்கள்?

அந்த நேரம் பார்த்து வாசலில் சைக்கிள் மணி அடித்தது. காக்கிச் சட்டை. தந்தி.

கடையில் நின்ற இரண்டு மூன்று பேரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல சேதிக்குத் தபால், கெட்ட சேதிக்குத் தந்தி என்றுதான் பாதிப் பேர் வைத்திருக்கிறோம்.

அண்ணாச்சி கையெழுத்துப் போட்டு வாங்கினார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அதை என்னிடம் நீட்டினார். நான் பிரிக்கப் போனேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிரிக்காதீங்க சார். சட்டைப் பையில வச்சுக்கிடுங்க. தேங்கா அது இடத்துல வந்து உக்காரட்டும். அப்புறம் படிங்க. அது இல்லாத நேரத்துல அந்தச் சேதி எனக்கு வேண்டாம்."

நான் படித்தவன். தேங்காய்க்கும் பிரசவத்துக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு முழுப் பக்கம் எழுதக் கூடியவன். ஆனால் அந்தக் கை என் மணிக்கட்டை விடவில்லை. நான் தந்தியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"யாரு வாங்கினாங்க?" என்றேன் சுகிர்தாவிடம்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை நீட்டினாள். குண்டு குண்டான எழுத்து. 'தேங்காய் ஒன்று. கன்னியம்மா. ரயில்வே கேட்டுக்கு அந்தாண்டை, முடிச்சூர் ரோடு.'

"பேரும் ஊரும் எழுதாம ஏலம் விடக் கூடாதுல்ல?" என்றாள்.

உபதேசியார் வாழ்க. சர்ச் செக்ரட்டரி வாழ்க.

அண்ணாச்சியின் சைக்கிளை எடுத்தேன். ஆளை அடையாளம் காட்ட வேண்டுமே, சுகிர்தாவைக் கேரியரில் உட்கார வைத்தேன். பிரபுவைக் கடையிலேயே பிணையாக விட்டேன். அவன் கையில் இருந்த நாலணாவை யாராலும் வாங்க முடியவில்லை. "ஏலக் காசு ஆண்டவருக்கு" என்று விரல்களை இறுக்கிக்கொண்டான்.

சைக்கிள் விட்டுப் பல வருஷம் ஆகிறது. அந்தச் சைக்கிளோ எண்ணெய் டின் சுமக்கப் பிறந்தது. மூச்சு வாங்க மிதித்தேன். சட்டைப் பையில் தந்தி ஒவ்வொரு மிதிக்கும் மொடமொடவென்றது. பிரித்துப் பார்த்துவிடலாமா? பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி ஒட்டிவிடலாமே? ஒரு முறை கை பைக்குப் போய்விட்டது. உண்மையைச் சொன்னால், அந்த ஆசையைவிடப் பயம்தான் பெரியதாக இருந்தது. பிரித்து, உள்ளே கெட்ட சேதி இருந்தால்? அதைப் பையில் வைத்துக்கொண்டு தேங்காயைத் தேடும் தைரியம் எனக்கு இல்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது. என்றைக்குத்தான் திறந்திருந்தது? கூட்ஸ் வண்டி ஒன்று அவசரமே இல்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது.

கேரியரிலிருந்து குரல் வந்தது. "அப்பா."

"என்ன?"

"அந்தப் பேப்பர்ல கெட்டது எழுதியிருந்தா... நாங்க வித்ததாலயா?"

"சீச்சீ. அதெல்லாம் இல்லம்மா" என்றேன்.

நான் சொன்னது எனக்கே எடுபடவில்லை. எட்டு வயதுப் பெண்ணுக்குக் காரணமும் காரியமும் வேறு வேறு என்று ரயில்வே கேட்டில் நின்றுகொண்டு எப்படி விளக்குவது? இந்தத் தந்தி தப்பாக இருந்தால், நான் எத்தனை விளக்கினாலும் அவள் ஆயுசுக்கும் அந்தத் தேங்காயைச் சுமப்பாள். அண்ணாச்சியும் சுமப்பார். அவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், பிள்ளைகளுக்கு வெல்லமும் கொடுப்பார், ஆனால் அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அது ஞாபகம் வரும். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கக் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் செய்தேன். பிள்ளையாருக்கு முடிந்த தேங்காய் கிடைக்க வேண்டும் என்று இயேசுவிடம் வேண்டிக்கொண்ட முதல் ஆசாமி நானாகத்தான் இருப்பேன். அவர் என்னைத் தப்பாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

"அப்பா, அந்த அக்கா!"

கண்ணைத் திறந்தேன். இரண்டு வேகன்களுக்கு நடுவில் இடைவெளி வந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம், முன்வரிசையில், சித்தாள் வேலைக்குப் போகிற மாதிரி தலையில் சும்மாடு கட்டிய ஒரு பெண். இரண்டு கையாலும் மஞ்சளாக எதையோ மார்போடு அணைத்திருந்தாள். வேகன் மறைத்தது. மறுபடி இடைவெளி. அங்கேதான் நின்றாள். மறுபடி வேகன். எத்தனை வேகன் ஐயா ஒரு வண்டிக்கு?

கேட் தூக்கியதும் அவளே எங்களைப் பார்த்து வேகமாக வந்தாள். சுகிர்தாவைத் தெரிந்துவிட்டது.

"ஏம்மா, நீதான பேரு எய்தின பொண்ணு? இது யாருது? சொல்லு" என்றாள். என் பக்கம் திரும்பினாள். "இன்னா சார் இது. கொயந்தைங்க வெளையாடுதுங்கோன்னு நானும் சிரிச்சிக்கினே நாலணான்னேன். எவனும் மேல கேக்கல. கையில குடுத்துட்ச்சு. சரி, சட்னிக்கு ஆச்சுன்னு வாங்கிக்கினு வூட்டுக்குப் போய் முடிச்ச அவுத்தா மஞ்சா பூசிக் கீது. உள்ள காசு கீது. எனக்குக் கையி காலு ஆடிப்போச்சு. எவ வவுத்துப் புள்ளைக்கு முடிஞ்சு வச்சதோன்னு அப்டியே திரும்பிட்டேன். அடுப்பப் பத்த வைக்கக் கூட இல்ல."

வயிற்றுப் பிள்ளைக்குத்தான் என்று அவளுக்கு யார் சொன்னது? கேட்டேன்.

"வேற எதுக்கு சார் இப்டிப் பாத்துப் பாத்து முடிவாங்க?" என்றாள்.

நான் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. "வச்சவங்க கையிலதான் குடுப்பேன். தப்பா நெனச்சுக்காத" என்றாள். ஆக, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நான், பக்கத்தில் சுகிர்தா, முன்னால் தேங்காயோடு கன்னியம்மா. ஊர்வலம் கடைக்கு வந்து சேர்ந்தது.

அண்ணாச்சி நாங்கள் விட்டுப் போன அதே ஸ்டூலில் இருந்தார். மூட்டை மேல் பிரபு, மூடின கையோடு. இருவரும் ஒரு வார்த்தை பேசியதாகத் தெரியவில்லை. ஆனால் பிரபுவின் வாயோரத்தில் வெல்லம் ஒட்டியிருந்தது.

கன்னியம்மா தேங்காயை அவர் கையில் வைத்தாள். முடிச்சு மறுபடி போடப்பட்டிருந்தது. "ஒரு பைசா கொறையல, பாத்துக்க" என்றாள். அவர் பார்க்கவில்லை. பிள்ளையார் முன்னால் வைத்தார். சூடம் ஏற்றினார். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "இப்பப் படிங்க சார்" என்றார்.

பிரித்தேன். இரண்டே வரி.

"பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்."

"சரியாப் படிச்சீங்களா சார்?"

"சரியாத்தான் படிச்சேன்."

"இன்னொரு தடவை படிங்க."

படித்தேன். மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னார், அதையும் படித்தேன். என் எழுத்தை யாரும் இப்படி மூன்று முறை கேட்டு வாங்கியதில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். கன்னியம்மாவும் அழுதாள். சுகிர்தா என் கையை விடவே இல்லை.

எல்லாம் அடங்கிய பிறகு எனக்குள் இருந்த படித்தவன் தலையைத் தூக்கினான். அவனால் சும்மா இருக்க முடியாது. "அண்ணாச்சி, இது காலையில பத்து மணிக்குக் கொடுத்த தந்தி. பசங்க ஏலம் போட்டது நாலு மணிக்கு மேல. தேங்காய் போறதுக்கு முன்னாடியே குழந்தை பிறந்தாச்சு. அதனால தேங்காய்க்கும் இதுக்கும்..."

"அதத்தான் நானும் சொல்லுதேன் சார்" என்றார் அண்ணாச்சி, முகத்தைத் துடைத்துக்கொண்டே. "காலையில தேங்கா இங்கதான இருந்துச்சு?"

படித்தவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

பாக்கி ஒரு விவகாரம்தான். நாலணா. பிரபுவிடமிருந்து அதை வாங்கிக் கன்னியம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "சாமி காசு எனக்கு வாணாம்." அண்ணாச்சியிடம் நீட்டினால், "தேங்காதான் வந்துட்டே, எனக்கு எதுக்கு" என்றார். கடைசியில் பிரபு சொன்னதுதான் தீர்ப்பு. மறுநாள் காலை சர்ச்சில் காணிக்கைப் பை வந்தபோது, வியர்வையில் நனைந்த அந்த நாலணாவை அவன் உள்ளே போட்டான். ராத்திரி தூங்கும்போதும் அதைக் கையிலேயே வைத்திருந்ததாக ரூபி சொன்னாள்.

கன்னியம்மாவுக்கு அண்ணாச்சி தேங்காய்க் கூடையைக் காட்டி, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவள் கூச்சப்படவில்லை. ஒவ்வொன்றாகக் காதருகே ஆட்டிப் பார்த்து, விரலால் தட்டிப் பார்த்து, இருப்பதிலேயே நல்லதாக இரண்டு எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனோம். நடந்ததை நான் சொன்னேன், சுகிர்தா திருத்தினாள். ரூபி சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள்.

"பிள்ளைங்க ஏலம் போடும்போது நீங்க எங்க இருந்தீங்க?" என்றாள்.

நான் உண்மையைச் சொன்னேன். வேறு வழி?

"உங்க பக்கத்தை யாராவது படிச்சாங்களா?"

"இல்லை."

"அந்தத் தண்டனை போதும்" என்று சொல்லிவிட்டுப் பென்சிலை எடுத்துக்கொண்டாள். இரண்டு நிமிஷம் கழித்து, தலையைத் தூக்காமல், "துவரம்பருப்பு எங்க?" என்றாள்.

பருப்பு என்ன, லிஸ்ட்டில் இருந்த எதுவுமே வரவில்லை. மறுபடி போனால் கடை பூட்டியிருந்தது. அண்ணாச்சி ஊருக்கு ரயிலேறிவிட்டார்.

பிள்ளைகளைத் தண்டிக்கவில்லை. தண்டித்தால் எதற்காகத் தண்டிப்பது? நாம் சொல்லிக் கொடுத்ததைப் பிள்ளைகள் செய்வதில்லை என்று எல்லோரும் குறைப்படுகிறோம். நாம் செய்து காட்டியதை அப்படியே செய்துவிடுகிறார்களே, அதற்கு யாரிடம் போய்க் குறைப்படுவது? அடுத்த வருஷம் பூசணிக்காயைப் புரொபசருக்கே விட்டுக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். முடியுமா என்று தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சர்ச் முடிந்து திரும்பும்போது தெருமுனைப் பிள்ளையார் கோயில் வாசலில் சின்னக் கூட்டம். சிதறிய தேங்காய்ச் சில்லுகளைப் பையன்கள் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதம் கூடுதலாகக் காத்திருந்ததில் கொப்பரையாகிவிட்டது போலும், எண்ணெய் மின்னியது. அண்ணாச்சி கடை திறந்திருந்தது. உள்ளே பிள்ளையார் படத்துக்குக் கீழே அந்த இடம் காலியாக இருந்தது. ஸ்டூலில் அவர் மனைவி, பயணக் களைப்போடு, சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். குழந்தை அண்ணாச்சி கையில்.

"வாங்க சார். வாங்க டீச்சர். இனிமே நீங்க எழுதலாம்" என்றார். குழந்தையைப் பிள்ளைகள் பார்க்கும்படி தாழ்த்திப் பிடித்தார். நெற்றியில் பெரிய கருப்புப் பொட்டு, கன்னத்தில் இன்னொன்று. தலையில் அவர் வைத்திருந்த ஒற்றைப் பூ.

சாமி படத்துக்கு முன்னால். பூ வைத்து.

பிரபுவைப் பார்த்தேன். நான் பயந்தது சரிதான். அவன் பக்கத்து அரிசி மூட்டை மேல் ஏறிக்கொண்டிருந்தான்.

"ஒரு தரம்..." என்றான்.

நான் அவன் வாயைப் பொத்துவதற்குள் பின்னாலிருந்து சுகிர்தா, "ரெண்டு தரம்" என்றாள்.

ரூபி முகத்தை மூடிக்கொண்டாள். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் கடையைச் சுற்றி ஒரு தடவை பார்த்தார். மேல் விலை கேட்க யாராவது இருக்கிறார்களா என்று நிதானமாகப் பார்த்தார். யாரும் இல்லை.

"மூணு தரம்" என்று சொல்லி, குழந்தையைத் தன் மனைவியின் மடியில் வைத்தார்.